இறங்கக் கூடாத கண்ணீர்

"இறக்கிடவா மேடம்?" என்று கீழேயிருந்து ஸ்டண்ட் மாஸ்டர் அபுபக்கர் கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினேன், இந்தத் தலைக்கவசத்துக்குள் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது, "வேணாம் மாஸ்டர், இப்படியே இருக்கேன்" என்று வாயைத் திறந்து சொன்னேன். இறங்கினால் உடுப்பைக் கழற்ற இருபது நிமிஷம், திரும்ப மாட்ட நாற்பது நிமிஷம், நடுவில் சாப்பாடு வந்துவிடும், சாப்பிட்டால் இந்த இடுப்புப் பட்டை ஏறாது. சூரியனுக்கு ஏதோ ஆகிவிட்டதாம். சூரியன் என்றால் வலது மூலையில் கிரேனில் ஏற்றி வைத்திருக்கிற அந்தப் பெரிய விளக்கு. பல்பு போய்விட்டது, வேறு பல்பு வண்டியில் இருக்கிறது, வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கிறது, எப்படியும் அரை மணி நேரம் என்று லைட்மேன் ஒருவர் அண்ணாந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார், ஏதோ நான்தான் சூரியனுக்கு அவசரப்படுத்தியதுபோல. ஆக அரை மணி நேரம் சூரியன் கிடையாது. பூந்தமல்லி தாண்டி ஒரு தகரக் கொட்டகையில், காலை பதினொன்றே முக்காலுக்கு, பச்சைச் சுவர் பச்சைத் தரை பச்சைக் கூரைக்கு நடுவில், பதினான்கு அடி உயரத்தில், நான்கு ரோப்பில் தொங்குகிறேன். எட்டு டேக் வீணாய்ப் போயிருக்கிறது. எட்டும் என்னால்தான். எட்டாவது முடிந்ததும் டைரக்டர் நிரஞ்சன் மானிட்டர் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, முப்பத்தோரு வயதுப் பிள்ளை, குரலை உயர்த்தவே தெரியாத பிள்ளை, "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். இன்னும் ஒண்ணு ட்ரை பண்ணுவோம். வரலைன்னா விடுங்க, உங்க ஸ்கேன் இருக்கு, அதை வெச்சு மேனேஜ் பண்ணிக்கலாம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதினேழு வருஷம் சீரியலில் திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு இது, அதற்கு மருந்து தெரியும். மேனேஜ் பண்ணிக்கலாம் என்பதற்கு என்ன மருந்து இருக்கிறது.

ஸ்கேன் என்பது போன மாதம் எடுத்தது. ஒரு அறை முழுக்கக் கேமரா, சுற்றிலும் மேலும் கீழும், பலாப்பழத்தின் தோலை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டதுபோல, நடுவில் ஒரு ஸ்டூலில் என்னை உட்காரவைத்து கோபப்படுங்கள் என்றார்கள், கோபப்பட்டேன், சிரியுங்கள், சிரித்தேன், மூக்கைச் சுருக்குங்கள், ஒரு புருவத்தை மட்டும் தூக்குங்கள், நாற்பது முகம் எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை அப்போது. இப்போது தோன்றுகிறது. ஏதோ ஒரு ஆபீஸில், ஏசி ரூமில், என் பெயரில் நாற்பது நீலவேணி வரிசையாக உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே சரியாகச் செய்யவில்லை என்றால் அவர்களில் இரண்டு மூன்று பேரைக் கலந்து இந்தக் காட்சிக்குப் பொருத்திவிடுவார்கள். படம் முழுக்க என் முகம்தான் வரும், இந்த ஒன்றரை நிமிஷம் மட்டும் வேறொரு நான். யாருக்கும் தெரியாது என்று நிரஞ்சன் சொல்கிறான். எனக்குத் தெரியுமே. ஐம்பத்திரண்டு வயதில் முதல் சினிமா, அதுவும் இவ்வளவு பெரிய படம், அந்தப் படத்துக்கே இந்த ஒன்றரை நிமிஷத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். கதையில் நான் விண்கலத்துக்கு வெளியே ரிப்பேர் வேலை பார்க்கப் போனவள், கயிறு அறுந்துவிடுகிறது, மிதந்து விலகிப் போய்க்கொண்டே இருக்கிறேன், என் மகள் தாமரை உள்ளே ஜன்னலில் நிற்கிறாள், அவள் கதவை மூடிவிட்டுக் கலத்தைக் கிளப்பினால்தான் உள்ளே இருக்கும் ஆறு பேரும் பிழைப்பார்கள். நான் அவளிடம் சொல்வது இவ்வளவுதான்: "தாமரை, கதவை மூடு. நான் வர நேரமாகும். நீ சாப்பிட்டுட்டுப் படு." நிரஞ்சனின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம், ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது தினமும் அவனிடம் சொன்னது இது. அதை முதல் முறை படித்துக் காட்டியபோது அவன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு அவன்மேல் பிரியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். இந்தப் பிள்ளைக்கு இதை நன்றாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்து இப்படித் தொங்குகிறேன்.

பிரச்சினை கண்ணீர். விண்வெளியில் கண்ணீர் கீழே இறங்காதாம். கீழ் என்று ஒன்று இருந்தால்தானே இறங்குவதற்கு. கண்ணிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பெரிய துளியாக அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்குமாம், அதைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்வார்கள். "கண்ணு கலங்கலாம் மேடம், தேங்கலாம், ஆனா கன்னத்துல இறங்கக் கூடாது. ஒரு சொட்டு இறங்கிட்டா போச்சு, பூந்தமல்லியில எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றான். இதை யாரிடம் சொல்கிறான் பாருங்கள். கிளிசரின் இல்லாமல் அழுகிறவள் என்று பெயர் வாங்கியவளிடம். சீரியலில் நான் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதற்குள் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று, கன்னத்து நடுவில் வந்து நிற்கும், கேமரா எப்போதும் இடது பக்கம் என்பதால் வலது கண்ணுக்கு வேலை கிடையாது. அதற்குத்தான் இரண்டு விருது. மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மிதப்பது இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும், கை கடைசியில் வரும், விரல் அதற்கும் கடைசியில், நீட்டிய கையை நிறுத்தக் கூடாது, அதுவாகப் போய் ஓயும்வரை விட வேண்டும். கழுத்து நரம்பில் எடை தெரியக் கூடாது. உடம்பு மெதுவாகப் போகும்போது பேச்சையும் கண்ணையும் சேர்த்து மெதுவாக்கினால் தூக்கத்தில் நடப்பவள்போல் இருக்கும், "அங்க மெதுவாப் போறது உடம்பு மட்டும்தான் மேடம், புத்தி இல்ல" என்று நிரஞ்சன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழே பச்சை உடுப்பில் ஆறு பேர் ரோப்பைப் பிடித்திருக்கிறார்கள், நான் மூச்சை விடும்போது அவர்கள் இழுக்க வேண்டும், அபுபக்கர் மாஸ்டர் இதற்காக ஒரு வாரம் என்னையும் அவர்களையும் உட்காரவைத்துச் சேர்ந்து மூச்சுவிடப் பழக்கினார், இப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் இடது தோள் ரோப்பில் யார், வலது இடுப்பில் யார் என்று. ரோப்பை அழித்துவிடுவார்கள், அந்த ஆறு பேரையும் அழித்துவிடுவார்கள், இங்கே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இல்லாத எல்லாவற்றையும் வைப்பார்கள். நான் ஒருத்திதான் மிச்சம் இருக்க வேண்டியவள், அதிலும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நான்காவது டேக்கில் என்ன செய்தேன் தெரியுமா, சொட்டு இறங்கிவிட்டதே என்ற பதற்றத்தில் கையை உள்ளே விட்டுக் கன்னத்தைத் துடைத்தேன். தலைக்கவசத்துக்குக் கண்ணாடி கிடையாது, வெளிச்சம் பிரதிபலிக்கும் என்று கழற்றிவிட்டார்கள், அதையும் பிறகு கம்ப்யூட்டரில்தான் மாட்டுவார்கள். ஆக, விண்வெளியில் ஒருத்தி கண்ணாடி வழியாகக் கையை விட்டு முகம் துடைத்துக்கொள்கிறாள். "மேடம்... கண்ணாடி" என்றான் நிரஞ்சன். ரோப் பிடித்த ஆறு பேரும் சிரிப்பை அடக்கியது எனக்கு ரோப்பிலேயே தெரிந்தது, மேலே நான் குலுங்கினேன்.

அப்போது சிரிக்காமல் நின்றவர் துரைக்கண்ணு அண்ணன் மட்டும்தான். அதோ கீழே, எனக்கு நேர் எதிரில், பச்சை முக்காலியில் ஏறி நீளக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கோலின் நுனியில் ஆரஞ்சு நிறப் பந்து ஒன்று. அந்தப் பந்துதான் என் மகள் தாமரை. தாமரையாக நடிக்கும் பெண்ணுக்கு டேட் அடுத்த மாதம், ஹைதராபாத்தில், நாங்கள் இருவரும் இதுவரை பார்த்துக்கொண்டதுகூடக் கிடையாது. பந்து மொட்டையாக இருக்கிறதே, பாவம் யாரைப் பார்த்துப் பேசுவாள் என்று அண்ணன் முதல் நாளே மார்க்கர் பேனாவால் அதற்கு இரண்டு கண் வரைந்துவிட்டார், மை தீட்டினதுபோல ஓரத்தில் இழுத்துவேறு விட்டிருந்தார், உதவி டைரக்டர்கள் வந்து கோபித்துக்கொண்டார்கள், நான் அழிக்க விடவில்லை. அண்ணன் என் ப்ராம்ப்டர். சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை, ஒரு நாளைக்கு இருபது சீன், எதை மனப்பாடம் செய்வது, கேமராவுக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டே வருவார், நாங்கள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போவோம். பதினேழு வருஷமாக எனக்குப் படித்தவர் துரைக்கண்ணு அண்ணன். திருவாரூர்ப் பக்கம், தபால்காரர் மணியார்டர் விவரம் படிப்பதுபோல ஒரே குரல், ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது, மாமியார் "வெளிய போடி" என்பதும் அதே குரல்தான், நான் "போகமாட்டேன் அத்தை" என்பதும் அதே குரல்தான். அந்தத் தட்டையான குரல் காதில் விழுந்தால்தான் எனக்கு உள்ளே ஏதோ கிளம்பும். ப்ராம்ப்டர் இல்லாமல் வரமாட்டேன் என்று இந்தப் படத்துக்கு நிபந்தனை போட்டேன், மூன்று வரி வசனத்துக்கு ப்ராம்ப்டரா என்று சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். காதுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள், அவர் மைக்கில் சொல்வது எனக்கு மட்டும் கேட்கும். நான் பேசுவது தளம் முழுக்கக் கேட்கும். இப்போது டீ வந்திருக்கிறது அவருக்கு. கோலைக் கீழே வைக்க மனமில்லாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு டீ கிளாஸை வாங்குகிறார், தாமரை தலை கவிழ்ந்து தரையைப் பார்க்கிறாள், ஊதி ஊதிக் குடிக்கிறார், மைக்கை அணைக்க மறந்துவிட்டார், ஊதுவது உறிஞ்சுவது எல்லாம் என் காதுக்குள் கேட்கிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது. டீயை விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். என் இடது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சும்மா வந்தது. நான் எதையும் நினைக்கவில்லை. தாமரையை நினைக்கவில்லை, அம்மாவை நினைக்கவில்லை, டீயை நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தால் எப்படிக் குடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொட்டு கன்னத்து நடுவில் வந்து நின்றது, எப்போதும் நிற்கும் இடத்தில். பிறகு அவர் இன்னொரு வாய் குடித்தார், நான் காத்திருந்தேன், செருமினார், அடுத்த சொட்டு. கடவுளே. எட்டு டேக்கையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், தாமரை என்று அவர் சொல்வதற்கு முன்னால் காதில் ஒரு செருமல், எட்டிலும் இருந்தது, செருமல், தாமரை கதவை மூடு, செருமல், தாமரை கதவை மூடு. இது எங்கிருந்து வந்தது என்பதும் ஞாபகம் வந்துவிட்டது, பதினாறு வருஷமாக நினைக்காத விஷயம். சீரியல் தொடங்கிய புதிதில் ஒருநாள் வேக வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, அண்ணன் வசனத்தோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததையும் படித்துவிட்டார், "என்னை மன்னிச்சிடுங்க அத்தை, அழுகிறாள்" என்று, நானும் கடகடவென்று "என்னை மன்னிச்சிடுங்க அத்தை, அழுகிறாள்" என்று சொல்லிவிட்டேன். மாமியாராக நடித்தவர் அசரவில்லை, "அழட்டும்" என்று பதில் சொன்னார். அப்படியே ஒளிபரப்பும் ஆனது, ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, தன் தொழிலுக்கே இழுக்கு என்று. அதற்குப் பிறகு அழவேண்டிய இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் லேசாகத் தொண்டையைச் செருமுவார், நான் புரிந்துகொண்டு அழுவேன். அடையாளமாகத் தொடங்கியது. எப்போது அடையாளமாக இருப்பது நின்றதோ தெரியவில்லை. அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன், என் கண் மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது.

அப்படியானால் இத்தனை வருஷம் அழுதது யார். இடுப்புப் பட்டைக்குக் கீழே கால் மரத்துப்போயிருக்கிறது, அதுவும் இந்த நினைப்பும் சேர்ந்து நிஜமாகவே எங்கேயோ மிதப்பதுபோல் இருக்கிறது. கோயிலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்கள், உன் கண்ணீரைப் பார்த்து நான் என் மருமகளிடம் பேசினேன் என்று சொன்ன அந்தக் கரூர் அம்மாள், அந்த இரண்டு விருது, எல்லாம் ஒருவருடைய தொண்டைக்கா? குழாயைத் திருகினால் வருவதுபோலவா? அம்மா செத்தபோது. இல்லை, அதற்குப் போக வேண்டாம். போகாமல் எப்படி இருப்பது, அங்கேதானே போகிறது. அம்மா செத்தபோது சைதாப்பேட்டை வீட்டில் காலையிலிருந்து மதியம் இரண்டு மணிவரை நான் ஒரு சொட்டுகூட விடவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், நெஞ்சு பாறையாக இருந்தது, கண் காய்ந்து எரிந்தது. டிவியில் தினமும் அழுகிறாளே, பெற்ற தாய்க்கு வரவில்லை பார் என்று சித்தி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது துரைக்கண்ணு அண்ணன் மாலையோடு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி எதுவோ சொல்ல வாயெடுத்தார், உடைந்துபோய் அழுதேன், அம்மாவின் மேல் விழுந்து அழுதேன். அவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன், சொந்த அண்ணன் இல்லாத குறையை அன்றைக்கு மறந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தாரே, அதற்கு முன்னால் செருமினாரா? சாவு வீட்டில் எல்லோரும் பேசுவதற்கு முன் செருமத்தான் செய்வார்கள். செருமியிருப்பார். செருமினாரா? எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அந்த இடத்தில் சத்தம் இல்லை, படம் மட்டும்தான் வருகிறது, அவர் வாய் திறக்கிறது, நான் விழுகிறேன். என் அம்மாவுக்காக அழுதேனா, காதுக்கு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இதைவிட ஸ்கேனே தேவலை, அதுவாவது தான் ஸ்கேன் என்று ஒத்துக்கொள்கிறது.

"சூரியன் ரெடி" என்று யாரோ கத்தினார்கள். வெளிச்சம் வலது கன்னத்தில் வந்து ஒட்டியது. டச்சப் பெண் ஏணியில் ஏறி வந்து கன்னத்து ஈரத்தை ஒற்றிவிட்டு இறங்கினாள். இனி யோசிக்க நேரமில்லை, செருமாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும், ஆனால் அவருக்குத் தான் செருமுவதே தெரியாது, தெரியவைத்தால் அதையே நினைத்துக்கொண்டு இரண்டு மடங்கு செருமுவார், எனக்கு அவரைத் தெரியும். காதுக்குள் அவர் குரலே வரக் கூடாது, அது ஒன்றுதான் வழி. அதை எப்படிச் சொல்வது. நான் பேசினால் தளம் முழுக்கக் கேட்கும். இந்த மனிதர் மூன்று வரிக்காக மாம்பலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார், சட்டைப் பையில் அந்த மூன்று வரியை எழுதி மடித்து வைத்திருக்கிறார், இத்தனைக்கும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஐம்பது பேர் முன்னால் நீங்கள் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல. சொல்லாமல் விட்டால் ஒன்பதாவதும் போகும், அந்த ஏசி ரூமில் இருக்கிற நீலவேணிக்கு இந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். "அண்ணே" என்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "சொல்லுங்க மேடம்" என்றது காதுக்குள் குரல், மற்றவர்கள் இருக்கும்போது அவருக்கு நான் மேடம். "அண்ணே, இந்தத் தடவை நீங்க சொல்ல வேணாம். மைக்கை அணைச்சிடுங்க. நானே சொல்லிக்கிறேன்." டீ கிளாஸை முக்காலியில் வைத்தார், வைக்கும் சத்தம் கேட்டது. "நான் தப்பா எதுவும் படிச்சிட்டேனாம்மா?" என்றார், மேடம் போய்விட்டது. "இல்லண்ணே. நீங்க இருந்தா எனக்கு அழுகை வந்துடுது" என்றேன், அது பொய்யில்லை, முழு உண்மையா என்றும் தெரியவில்லை. "அது சரிதாம்மா. நீ சொல்லு. பயப்படாத, மூணு வரிதான்" என்றார், பிறகு டப் என்று ஒரு சத்தம், காது காலியானது. பதினேழு வருஷத்தில் முதல் முறை. என் மூச்சு எனக்குக் கேட்கிறது, ரோப் உரசுவது கேட்கிறது, இவ்வளவு பெரிய இடமா இது என்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்பதாவது டேக் என்று கிளாப் அடித்துவிட்டுப் போனார்கள். நிரஞ்சன் "எப்ப வேணா ஆரம்பிங்க மேடம்" என்றான். மூச்சை விட்டேன், ஆறு பேரும் இழுத்தார்கள், இடுப்பு நகர்ந்தது, தோள் நகர்ந்தது, கை தன்பாட்டில் பின்னால் வந்தது, பின்னோக்கிப் போகிறேன், பந்து சின்னதாகிறது. இப்போது தாமரை என்று சொல்ல வேண்டும். சொல்லுவதற்கு முன்னால் அந்த இடம் வந்தது, செருமல் இருக்க வேண்டிய இடம், அங்கே ஒன்றும் இல்லை, மாடிப்படியில் இல்லாத படிக்குக் காலை வைத்ததுபோல ஒரு கணம் உள்ளே தடுக்கியது. கண் காய்ந்திருந்தது. காய்ந்துதான் இருக்கிறது, பார்த்தாயா, எல்லாம் அவர் தொண்டைதான் என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்போடு என் பார்வை பந்திலிருந்து வழுக்கிக் கீழே போய்விட்டது. அங்கே துரைக்கண்ணு அண்ணன். கோலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வாயை அசைக்கிறார். சத்தமே இல்லை. தாமரை, கதவை மூடு. எனக்கு மறந்துவிடுமோ என்று உதட்டாலேயே சொல்லிக்கொடுக்கிறார், இத்தனை தூரத்தில் உதடு தெரியுமா தெரியாதா என்றெல்லாம் யோசிக்கவில்லை, தட்டைக் குரல்காரர் முகத்தில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எனக்காகச் சிரிக்கிறார், கெஞ்சுகிறார், தைரியம் சொல்கிறார். பதினேழு வருஷம் இந்த முகம் கேமராவுக்குக் கீழே இருட்டில்தான் இருந்தது, நான் பார்க்காமலே காதால் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். "தாமரை" என்றேன். "கதவை மூடு. நான் வர நேரமாகும்." கை நீண்டுகொண்டே போனது, நான் நிறுத்தவில்லை. இரண்டு கண்ணும் கலங்கின, வலதும்தான், வலது கண்ணுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, பழக்கமில்லாத கண், தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு நின்றது. எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். செருமினாலும் பிடிக்கும், செருமாவிட்டாலும் பிடிக்கும். அன்றைக்கு சைதாப்பேட்டையில் நான் இவருக்குத்தான் அழுதேன், இவர் வந்ததற்கு, அம்மாவைப் பார்க்க ஒருவர் மாலையோடு வந்ததற்கு. "நீ சாப்பிட்டுட்டுப் படு" என்றேன். சொட்டு எதுவும் இறங்கவில்லை. யாரும் கட் சொல்லவில்லை, நான் போய்க்கொண்டே இருந்தேன், பின்னால் பச்சைச் சுவரில் பூட்ஸ் இடிக்கும்வரை.

அப்புறம் கட். மானிட்டர் முன்னால் தலைகள் கூடின, திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள், இன்னொரு முறை ஓட்டுகிறார்கள், அபுபக்கர் மாஸ்டர் ரோப்பைப் பூட்டிவிட்டு அவரும் போய் எட்டிப் பார்க்கிறார். நிரஞ்சன் வந்து எனக்குக் கீழே நின்றான். "மேடம், பார்வை கீழ போயிடுச்சு. கிட்டத்தட்ட அஞ்சு அடி. நீங்க பந்தையே பாக்கல" என்றான். போச்சு, இதுவும் போச்சு, சீரியல்காரி ப்ராம்ப்டரைப் பார்த்து நடித்துவிட்டாள். "இன்னொண்ணு பண்றேன்பா" என்றேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேணாம் மேடம்." "அப்ப ஸ்கேனா?" என்றேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான், அவன் கண்ணும் சரியாக இல்லை. "உங்க முகத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றான். "தாமரை நிக்கிற ஜன்னலை அஞ்சு அடி கீழ இறக்கிக்கிறோம். அந்த விண்வெளிக் கப்பலே நாம கம்ப்யூட்டர்ல செய்யறதுதானே மேடம், அதை நகத்திக்கலாம்." நகத்திக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், அவ்வளவு சாதாரணமாக. ஒரு கப்பலை எனக்காக நகர்த்தப் போகிறார்கள். துரைக்கண்ணு அண்ணன் இன்னும் முக்காலியில்தான் நின்றார், கோலை இறக்கவில்லை, மைக்கைப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க நிக்கிற இடத்துலதான் ஜன்னல் வரப்போகுதாம்" என்றேன். அவர் தன் காலடியைப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார், மைக் இல்லாமலே மேலே பார்த்துக் கேட்டார், "அப்ப நான் நகரலாமாம்மா?" இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள் என்றேன்.